ஒருவரும் எழும்பாத காட்சி

மட்டன் ரோல்ஸ் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. நானும் சாப்பிடுகிறவன்தான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் பொலிஸ் ஐயா. மொழிபெயர்க்க வந்த தங்கச்சியும் ஒரு சொல் விடாமல் சொல்லட்டும்.

என் பெயர் பொன்னம்பலம். பாரிஸில், லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. பதினொரு வருடம் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்டேன். பதினொரு வருடமும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். மேடையில் அரசன் சாகக் கிடப்பான். சனம் மண்டபத்தின் பின்னால் ரோல்ஸ் விற்கும் மேசை வரிசையில் நின்று யார் வீட்டில் கலியாணம் என்று கதைக்கும். ஒருமுறை உச்சக் காட்சியில் என் கையிலிருந்த மைக்கை வாங்கி, வாசலை மறித்து நிற்கும் காரை எடுக்கச் சொல்லி அறிவித்தார்கள். வயிறு எரியாதா, சொல்லுங்கள்.

இந்த வருடம், நான் இருக்கும் வில்லியே லே பெல்லிலிருந்து வேலைக்கு வரும் ரயிலில், ரோமாபுரி வாள்வீரர்களைப் பற்றிய ஒரு தடித்த புத்தகம் வாசித்தேன். சண்டை பெரும்பாலும் சாவில் முடியாதாம். தோற்றவன் ஒரு விரலை உயர்த்தி உயிர்ப்பிச்சை கேட்பான். விளையாட்டை நடத்தும் பிரபு சனத்தைப் பார்ப்பான். சனம் கேட்பதைக் கொடுப்பான். சனம் கண்ணை எடுக்காமல் பார்த்திருக்கிறது என்பதுதான் என் மனதில் நின்றது.

உடனே நாடகம் எழுதினேன். தோற்கும் வீரன் அலெக்சிஸ். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவன். வெல்கிறவன் மடுத்தீன், உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன். பிரபு நான். விரல் உயர்ந்தால் அடி நிற்கவேண்டும், பிறகு என் பெருவிரல்தான் முடிவு என்று ஒத்திகையில் விதி வைத்தேன். எழுதியபடி நான் பெருவிரலை உயர்த்தி மன்னிக்க வேண்டும். மரவாள்களுக்கு மெத்தைப் பஞ்சு சுற்றி, மேலே வெள்ளித்தாள் ஒட்டியிருந்தோம்.

ஒத்திகை முழுக்க இருவரும் சிரித்துச் சிரித்தே அடித்தார்கள். நல்ல சிநேகிதர்கள். அதனால் விழாவன்று மத்தியானம் மடுத்தீனைத் தனியே கூப்பிட்டேன். மன்னாரிலிருக்கும் அவன் மனைவிக்கு மூன்று தரம் விசா மறுத்திருந்தார்கள்.

"எம்பசிக்குப் பெட்டிசம் போட்டது ஆர் எண்டு தெரியுமோ?" என்றேன். "உன்ர அலெக்சிஸ்தான்."

அப்படி ஒரு மொட்டைக் கடிதமே இல்லை. ஒரு நடிகனுக்குக் கோபம் வரவைப்பது இயக்குநரின் வேலை. மடுத்தீனுடைய வாளிலிருந்த பஞ்சையும் நான்தான் அவிழ்த்தேன். வெள்ளித்தாளைத் திரும்ப ஒட்டினேன். வித்தியாசம் தெரியாமல் கன வடிவாக ஒட்டினேன்.

முதல் அடி விழுந்ததும் மண்டபம் திரும்பியது. இரண்டாம் அடியில் வரிசை கலைந்து எல்லாரும் மேடைக்கு முன்னால் வந்துவிட்டார்கள். அலெக்சிஸ் முழந்தாளில் விழுந்து சுட்டுவிரலை உயர்த்தினான். காதோரம் இரத்தம்.

"அண்ணை, காணும், நிப்பாட்டுங்கோ. உண்மையா நோகுது," என்றான். மெல்லத்தான் சொன்னான். எனக்கு விளங்கியது.

மடுத்தீன் விதிப்படி நின்றான். மூச்சு வாங்க என்னையே பார்த்தான். அவனில் பிழை இல்லை. இதைக் கட்டாயம் எழுதுங்கள். நான் மன்னித்திருந்தால் வாளைக் கீழே போட்டிருப்பான். ஆனால், மன்னித்தால் காட்சி முடிந்துவிடும். முடிந்தால் திரும்பவும் ரோல்ஸ்.

சனத்தைக் கேட்டேன். ரோமாபுரியில் அப்படித்தான் கேட்பார்கள். பிள்ளைகள் பிரெஞ்சில் கத்தினார்கள், பெரியவர்கள் "குத்து, குத்து" என்றார்கள். ரோல்ஸ் மேசையில் நின்ற றெஜினாவும் சிரித்துக்கொண்டு பெருவிரலைக் கீழே காட்டினா. அவ அலெக்சிஸின் மனைவி. பெண்சாதியே கேட்டபிறகு நான் யார் மறுக்க? பெருவிரலைக் கீழே திருப்பினேன்.

மடுத்தீன் நாலு தரம் அடித்தான். திரையின் கயிறு என் இடது கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கியது. நான் தொடவில்லை. அலெக்சிஸின் விரல் மூன்றாவது அடிவரை உயர்ந்தபடியே இருந்தது.

கைதட்டல் நிற்கக் கன நேரம் எடுத்தது. றெஜினாதான் முதலில் விளங்கிக்கொண்டு மேடையில் ஏறினா.

கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் மேசையையும் போய்ப் பாருங்கள் ஐயா. ரோல்ஸ் தட்டத்தோடு ஆறிக் கிடக்கும். முதல் அடி விழுந்தபிறகு ஒன்றுகூட விற்கவில்லை.