ரெண்டாவது பிரேக்

— கண்ணாடிய இறக்கு முதல்ல. நாத்தம் தாங்கல.

— இறக்கித்தாங்க இருக்கு. ஒரு ஜாண்ல லாரிகிட்டேருந்து தப்பிச்சிருக்கோம், உங்களுக்கு நாயோட வாந்திதான் பெருசாத் தெரியுதா?

— தப்பிச்சது யாரால? நீ ஸ்டீயரிங்கப் புடிச்சிக்கிட்டு செல மாதிரி உக்காந்துட்ட. பொண்டாட்டிக்கு மட்டும் வண்டி கத்துக்குடுக்காதடான்னு எல்லாரும் சொன்னானுங்க. கேட்டேனா?

— "பிரேக்கு, பிரேக்கு"ன்னு கத்தினேனே.

— கத்தினா வண்டி நிக்குமா? டிரைவிங் ஸ்கூல் வண்டியில வாத்தியார் பக்கம் ரெண்டாவது பிரேக் எதுக்கு வச்சிருக்கு? இருபது வருஷ சர்வீஸ்டி. கண்ணு போன்ல இருந்தாலும் காலு தன்னால மிதிச்சிரும்.

— அந்தப் போனக் கீழ வைங்கன்னு எத்தன தடவ சொன்னேன்.

— பாத்தியா, நன்றின்னு ஒரு வார்த்த வருதா உன் வாயில?

— சரி, நன்றிங்க. போதுமா?

— மனசாரச் சொல்லு.

— சீ! கால்ல விழணுமா இப்ப?

— விழ வேணாம். அந்தக் கருமத்தத் தொடச்சு விடு. என் காலடி பூராக் கக்கி வச்சிருக்கு சனியன். இன்னிக்கே நாய்க் காப்பகத்துல தள்ளிட்டுத்தான் மறுவேல.

— அதத் திட்டாதீங்க. எப்படி நடுங்குது பாருங்க. கரடி, வாடா கண்ணு. இன்னும் ஒரு வாரம் வச்சிருந்து பாப்போமேங்க.

— ஒரு நாள்கூட முடியாது. நாப்பது கிலோ நாயி! நான் 'பிரேக்'குன்னு சத்தம் போட்டாப் போதும், என் காலு மேலயே பாயுது, என்னமோ விளையாட்டு மாதிரி. கத்துக்க வந்த மூணு பேரு பயந்து நின்னுட்டாங்க. பொழப்பக் கெடுக்குறத வச்சுக் கொஞ்சச் சொல்றியா?

— நவுருங்க, தொடைக்கிறேன். நீங்க மூக்கப் பொத்திக்கிட்டு வேடிக்க பாருங்க.

— எனக்கு இதெல்லாம் ஒத்துக்காதுன்னு தெரியும்ல.

— தெரியாம என்ன? பெத்த பிள்ள கக்கினப்பவே எட்டி நின்ன ஆளுதான நீங்க.

— அந்தப் பிரேக்க நல்லாத் தேயி. காலையில கிளாஸ் இருக்கு.

— இருங்க, தேய்க்கிறேன். ஏங்க, இது கக்கினது லாரி வர்றதுக்கு முன்னாடிதான?

— ஆமா, அந்தத் திருப்பத்துல. என் செருப்பு மேலயே கக்கிச்சே, கருமம்.

— நீங்க செருப்ப உதறிட்டு, ரெண்டு காலையும் சீட்டு மேல தூக்கி மடிச்சுக்கிட்டீங்க.

— பின்ன, அதுக்குள்ளயே வச்சிருப்பேனா?

— லாரி வந்தப்ப?

— அப்ப... எறக்கி மிதிச்சிருப்பேன்.

— எங்க, உள்ளங்காலக் காட்டுங்க.

— ஏய், என்ன கோர்ட்டு கேஸ் நடத்துற?

— காட்டுங்கன்னா. ம்... ஒரு சொட்டு ஒட்டல. பிரேக்குல பதிஞ்சிருக்கிற தடத்தப் பாருங்க. நாலு வெரலு, நகத்தோட.

— அது... அவசரத்துல யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

— எனக்குக் கொமட்டுது. வாந்தியப் பாத்து இல்ல.

— சரி விடு. யாரு மிதிச்சா என்ன, நின்னுச்சுல்ல? வெளிய யாருகிட்டயும் ஒளறி வைக்காத. வண்டிய எடு, காப்பகத்த மூடிருவாங்க.

— எடுக்குறேன். நீங்க எறங்கிப் பின்னாடி உக்காருங்க. முன்னாடி வாத்தியார் உக்காரணும்.