மாப்பிள்ளை ஓட்டிய வண்டி

வேலை குறைந்த பிறகுதான் எங்கள் கூடத்தில் இத்தனை புறாக்கள் இருப்பதே தெரிய வந்தது, ஐயா. அதுவரை சம்மட்டிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. ரயில் எஞ்சின்களை முழுவதுமாகப் பிரித்து, கழுவி, திரும்பப் பூட்டும் பட்டறை அது. நான் பிரேக் பிரிவின் மேஸ்திரி.

முதலில் வார்ப்படக் கூடத்தை மூடினார்கள். பிறகு சக்கரம் கடையும் இடத்தை. இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதும், அவை நின்ற இடம் எண்ணெய்க் கறையாக மிஞ்சியது. இயந்திரம் இன்னும் அங்கேயே இருப்பதுபோல, கறையைச் சுற்றிக்கொண்டுதான் எல்லோரும் நடந்தோம். கிரேன் ஓட்டுபவரை 'ஆகாசம்' என்று கூப்பிடுவோம். தூக்க ஒன்றுமில்லாவிட்டாலும் காலையில் மேலே ஏறி உட்கார்ந்துவிடுவார். கேட்டால், "கீழ இறங்கினா என் பேரையும் எழுதிடுவாங்கப்பா" என்பார். சிரித்தோம். சிரித்தவர்களில் பாதிப் பேர் கொஞ்ச நாளில் வீட்டில் இருந்தார்கள்.

பெரிய வேலையெல்லாம் தொலைவில் கட்டிய புதுப் பட்டறைக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஓட்டத்துக்கு முன் இங்கே வரும் எஞ்சினுக்கு நீங்கள் பிரேக்கின் காற்றழுத்தம் மட்டும் பார்த்தால் போதும், அடியில் குனிந்து பார்ப்பது உங்கள் பொறுப்பல்ல என்று உத்தரவு வந்தது. பாதி ஆயுளை எஞ்சினுக்கு அடியில் கழித்தவன் நான். அடுத்து, மொத்தப் பட்டறையையும் மூடப்போவதாகச் சொன்னார்கள்.

புதுப் பட்டறையின் வேலை சரியில்லை என்று ஒரே ஒரு தடவை ஊருக்குத் தெரிந்தால் போதும் என்று எனக்குப் பட்டது. நான் யோசித்ததில் தப்பில்லை என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

பிரேக் கட்டைகளை இழுக்க அடியில் ஒரு இரும்புத் தண்டு இருக்கும். அதைத் தாங்கும் ஆணி நழுவாமலிருக்க, அதன் முனையில் ஒரு சின்னக் கம்பியைச் செருகி வளைத்துவிடுவார்கள். பின் என்போம். புதுப் பட்டறையிலிருந்து வந்த எஞ்சின் ஒன்றில் அந்தப் பின்னை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பயணிகள் வண்டியில் அல்ல, சரக்கு வண்டியாகப் பார்த்துத்தான் செய்தேன். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். ஆணி நழுவும், தண்டு தொங்கும், வண்டியை நடுவழியில் நிறுத்துவார்கள், விசாரணை வரும். அவ்வளவுதான் என் கணக்கு.

வண்டியை எடுக்க வந்தது என் தங்கையின் கணவர். ஏறும் முன் என்னிடம், "மச்சான், பிரேக் பார்த்துட்டீங்கல்ல?" என்று கேட்டார்.

"பார்த்துட்டேன் மாப்ள. தைரியமா எடுங்க" என்றேன்.

இறக்கத்து வளைவில் தண்டு கழன்று தண்டவாளத்தில் குத்தியது. எஞ்சின் கவிழ்ந்தது. உதவி ஓட்டுநர் குதித்துத் தப்பினான், ஒரு காலைத்தான் எடுக்க வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை குதிக்கவில்லை. பிரேக் பிடிக்கும் என்று கடைசிவரை நம்பியிருக்கிறார். கைப்பிடியிலிருந்து அவர் விரல்களைப் பிரிக்கச் சிரமப்பட்டதாகச் சொன்னார்கள்.

நான் நினைத்தபடியே நடந்தது. மூடும் உத்தரவை நிறுத்தி வைத்தார்கள். பட்டறையில் நின்றுபோயிருந்த வேலைச் சங்கு மறுபடி ஊதியது. ஆகாசம் கீழே இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் வீட்டு இழப்பில் எங்கள் வீட்டில் அடுப்பெரிகிறது என்று அழுதார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தங்கை வீட்டில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அவளோ, அண்ணன் துக்கத்தில் இளைத்துவிட்டார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவாள்.

ஒருநாள் புதுப் பட்டறையின் பிட்டர் என்னைத் தேடி வந்தான். அந்த எஞ்சினின் பிரேக்கைப் பூட்டியவன். வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள், வழக்கும் போட்டிருந்தார்கள். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அண்ணே, அந்தப் பின்னை நான் மாட்டினேன்னுதான் நினைக்கிறேன். நீங்க பெரியவங்க, சொல்லுங்க. மாட்டின ஞாபகம் பொய்யா இருக்குமா?"

நான் யோசிப்பதுபோல் தாடையைத் தடவினேன். "தினமும் செய்யுற வேலை தம்பி. நேத்து மாட்டினது இன்னிக்கு மாட்டின மாதிரி தோணும்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டே போனான். அப்புறம் நீதிமன்றத்தில், நான்தான் மறந்துவிட்டேன் என்று அவனே ஒப்புக்கொண்டான். இப்போது உள்ளே இருக்கிறான். அதற்குள் எங்கள் பட்டறையையும் இழுத்து மூடிவிட்டார்கள். நிறுத்தி வைத்ததெல்லாம் விசாரணை முடியும்வரைதானாம். இனி நான் காப்பாற்ற யாருமில்லை, அதனால்தான் வந்தேன். அவனை விட்டுவிடுங்கள்.

தெரியாமல் மாப்பிள்ளை வண்டியில் கை வைத்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கக்கூடாது. அந்த இறக்கத்தில் அவர் அளவுக்கு வண்டி ஓட்டத் தெரிந்தவர் எங்கள் பக்கம் யாருமில்லை. எப்படியும் நிறுத்திவிடுவார் என்று அவர் முறை வரும்வரை காத்திருந்துதான் எடுத்தேன். வேறு யாராவது ஓட்டுவதாக இருந்திருந்தால் அந்தப் பின்னைத் தொட்டிருக்கவே மாட்டேன், ஐயா. ஊரான் உயிரோடு விளையாட எனக்கு மனசு வராது.