தங்கச்சிக்கு ஒரு அழகான ரெஸ்யூமே

— என் பேருக்கு என்ன கலர்க்கா போடலாம்? நீலமா, பச்சையா?

— நீலப் பட்டை போட்டு அதுக்குள்ள வெள்ளை எழுத்துல போடுவோம். எடுப்பா இருக்கும். பக்கத்துல உன் போட்டோவ வட்டமா வெட்டி வெச்சுடலாம்.

— போட்டோவெல்லாம் வெக்கலாமா? எங்க ஆபீஸ்ல ஒருத்தி வெக்கவே கூடாதுன்னாளே.

— அவ யாரு எனக்குச் சொல்றதுக்கு? ஆறு மாசமா இதே பொழப்பா உக்காந்திருக்கேன்டி. எந்தக் கம்பெனிக்கு எப்படி எழுதணும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

— அதான் உன்கிட்ட ஓடி வந்தேன். போன வாரம் எங்க கம்பெனிய மூடறோம்னு சொன்னாங்க பாரு, அத்தன பேரும் அழறாங்க, நான் மட்டும் கல்லு மாதிரி நிக்கறேன். எனக்கென்ன, எங்க அக்கா இருக்கான்னு.

— சரி சரி, ஐஸ் வெச்சது போதும். பக்கத்த நடுவுல ரெண்டா பிரிக்கிறேன். இந்தப் பக்கம் நீ பாத்த வேலை. அந்தப் பக்கம் பெட்டி பெட்டியா உனக்குத் தெரிஞ்சதெல்லாம். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல நட்சத்திரம்.

— சினிமாவுக்கு மார்க் போடற மாதிரியா?

— ஆமா. கணக்கு எழுத அஞ்சு. சம்பளப் பட்டியலுக்கு அஞ்சு. சமையலுக்கு அரை.

— போக்கா. இரு, அவர் கூப்பிடறாரு. பையன ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்தாச்சான்னு கேட்டுட்டு வந்துடறேன். இங்க சிக்னல் சரியா கெடைக்கல, பால்கனிக்குப் போறேன்.

— கதவ சாத்திட்டுப் போ. அனல் அடிக்குது.

— ஏம்மா.

— என்னங்க?

— சட்டைய தேச்சுக்கிட்டே பாத்துக்கிட்டுதான் இருக்கேன். அதாவது, என்ன பண்ணிட்டிருக்க நீ?

— பாத்தா தெரியலையா? என் தங்கச்சிக்கு ரெஸ்யூமே எழுதறேன். நீங்க காலர பாருங்க, கருகிடப் போகுது.

— பஸ் ஓட்டறவன் காலர எவன் பாக்கப் போறான். போன மாசம் என்னைய உக்கார வெச்சு நீ பாடம் எடுத்தியே, மறந்துட்டியா? இப்பல்லாம் மொதல்ல படிக்கறது மனுஷன் இல்ல, சாஃப்ட்வேர்தான். பெட்டி போட்டா அதுக்குப் புரியாது. பக்கத்த ரெண்டா பிரிச்சா இந்த வரியையும் அந்த வரியையும் சேத்துக் கூழாக்கிடும். பட்டைக்குள்ள பேர் இருந்தா, பேரே இல்லாத ஆளுன்னு தள்ளிடும். ஒருத்தர் கண்ணுக்கும் படாம குப்பைக்குப் போயிடும்னு. நீதானே சொன்ன?

— மெதுவா பேசுங்க.

— அப்ப தெரிஞ்சேதான் பண்ற.

— ஆமா. தெரிஞ்சேதான் பண்றேன். போதுமா?

— அவ உன் கூடப் பொறந்தவ.

— அதனாலதாங்க எரியுது. எதிர்வீட்டுக்காரிக்கு வேலை கெடச்சா எனக்கென்ன வந்துச்சு? இவளுக்குக் கெடச்சா எங்கம்மா போன் பண்ணி என்கிட்டதானே சொல்வாங்க. சின்னவளுக்கு அமைஞ்சுடுச்சாம், உனக்கு இன்னும் ஒண்ணும் தகையலையான்னு. நான் விழுந்து விழுந்து படிப்பேன். இவ பரீட்சைக்கு மொத நாள் என்கிட்ட கேட்டுக்கிட்டுப் போயி என்னைவிட மார்க் வாங்கிட்டு வருவா. என் துணிய இவ போட்டா, இவளுக்குத்தான் பொருத்தமா இருக்குன்னு வீடே சொல்லும். இன்னிக்கு சொந்த வீட்டுல இருக்கா. நான் சுவத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் வீட்டுக்காரர கேட்டுத்தான் அடிக்கிறேன்.

— அதுக்கு அவ என்னம்மா பண்ணுவா?

— ஒண்ணும் பண்ணல. அதுதான் என் ஆத்திரமே. ஒண்ணும் பண்ணாமலே எல்லாம் நடக்குது அவளுக்கு. நான் ஒவ்வொரு இடத்துக்கும் ராப்பகலா எழுதி அனுப்பறேன். அனுப்பின கை காயறதுக்குள்ள வருத்தம் தெரிவிச்சு பதில் வந்துடுது. எவனாவது படிச்சுட்டு வேண்டாம்னு சொல்லியிருந்தாகூட மனசு ஆறும். யாரும் படிக்கவே இல்லீங்க. இவ மட்டும் மொத தடவையே உள்ள போய் உக்காந்துட்டா நான் எங்க போய் முட்டிக்கறது?

— உனக்குத்தான் அந்தப் புது ஆஸ்பத்திரி வேலை இருக்கே. மருந்து ஸ்டோருக்கு இன்சார்ஜ். உனக்காகவே விளம்பரம் போட்ட மாதிரி இருக்குன்னு நீயே சொன்ன.

— அது ஒண்ணுதான் எனக்கு மிச்சம். வாரக்கணக்கா உக்காந்து செதுக்கி வெச்சிருக்கேன். அவங்க விளம்பரத்துல என்ன வார்த்தையோ அச்சு அசலா அதே வார்த்தை. ஒரு கோடு கெடையாது, ஒரு பெட்டி கெடையாது. என் வயசுக்கு இதவிட்டா இன்னொண்ணு வராதுங்க. இன்னிக்கு சாயந்திரத்தோட முடியுது. இவ கெளம்பினதும் அனுப்பிடுவேன்.

— இவளும் அதே ஆஸ்பத்திரிக்குத்தானே போடறா?

— கணக்குப் பிரிவுக்கு. நான் வாங்கற ஒவ்வொரு அட்டைப் பெட்டிக்கும் இவ கையெழுத்து போட்டாதான் பணம் போகும். அங்கயும் எனக்கு மேல. என்னால முடியாதுங்க.

— முடியாதுன்னா எழுதித் தர மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. இது ரொம்ப தப்பு. அதாவது, அவ உன்ன நம்பி வந்திருக்கா.

— வரா. வாய மூடுங்க.

— மாமாவும் அக்காவும் என்ன ரகசியம் பேசறீங்க? ஏன் மாமா மூஞ்சி இப்படித் தொங்குது?

— ஒண்ணுமில்லம்மா. சட்டை கருகிடுச்சு.

— பையன் வந்துட்டானாடி?

— வந்துட்டான்க்கா. பெரியம்மா எழுதிக் குடுத்தாங்கன்னா உனக்கு கண்டிப்பா கெடச்சுடும்மாங்கறான். முடிச்சுட்டியா? அடேயப்பா. நானா இது? மாமா, இங்க வந்து பாருங்களேன், கல்யாணப் பத்திரிகை மாதிரி ஜொலிக்குது.

— நல்லாதான் இருக்கு. அதாவது, கொஞ்சம் அலங்காரம் ஜாஸ்தியோ?

— நீங்க போய் உங்க பஸ்ஸ பாருங்க.

— மாமாவுக்கு என்னக்கா தெரியும். ஏதாவது தப்பிருந்தா நாளைக்கு திருத்தி இன்னொரு தடவை போட்டுக்கலாம்ல?

— முடியாது. ஒரு வேலைக்கு ஒருத்தர் ஒரு தடவைதான் போடலாம். அனுப்பினா அனுப்பினதுதான்.

— அப்ப அமுக்கட்டுமா? நீ சொன்னாதான் அமுக்குவேன்.

— அமுக்கு.

— போயிடுச்சுக்கா.

— நீ உக்காரு. நான் டீ போட்டுட்டு வரேன்.

— நான் போடறேன்க்கா, காலையில இருந்து எனக்காக உழைக்கற.

— வேண்டாம்டி. நீ அடுப்பு பக்கம் போனா பால் பொங்கி, அத நான்தான் தொடைக்கணும். இங்கயே இரு.

— சமையல்கட்டுல வந்து அழறியே, அங்கயே சொல்லியிருக்கலாம்ல?

— அமுக்கறப்ப அவ ஸ்கிரீன பாக்கலீங்க. என் மூஞ்சியத்தான் பாத்தா.

— இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. போய் சொல்லிடு.

— என்னன்னு சொல்றது? நாளைக்கே அவளுக்கு வேற இடத்துக்கு நல்லதா ஒண்ணு எழுதித் தரேன். என்னோடத விட நல்லதா. சத்தியமா.

— அதாவது, கைய நீயே ஒடச்சுட்டு கட்டும் நீயே போடப் போற.

— குத்தாதீங்க. தட்ட எடுத்துக்கிட்டு வாங்க, ஆறிடும்.

— அக்கா, வா வா. ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது.

— என்னடி?

— லேப்டாப்புல என்னோடதுக்குப் பின்னாடி உன் ரெஸ்யூமே தெறந்தே இருந்துச்சு. ஆஸ்பத்திரி பக்கமும் உன் பேர்லயே தெறந்து இருந்துச்சு. படிச்சேன். ஏன்க்கா, எனக்கு இவ்வளவு அழகா பண்ணிக் குடுத்துட்டு உன்னோடத மட்டும் இப்படியா வெச்சிருப்ப? கரண்ட் பில் மாதிரி. ஒரு கலர்கூட இல்ல. உனக்குன்னு எதுவும் செஞ்சுக்கவே மாட்ட நீ. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

— எதத் தொட்ட நீ?

— ஒரு வார்த்தையகூட மாத்தலக்கா. என்னோடத அப்படியே காப்பி பண்ணி, உன் வரிய எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள ஒட்டினேன். மேல நீலப் பட்டையில உன் பேரு. எல்லாத்துக்கும் அஞ்சு நட்சத்திரம். என் போன்ல இருந்த உன் போட்டோவுல பக்கத்துல மாமா நின்னாரு, அவர மட்டும் வெட்டிட்டேன். கோவிச்சுக்காதீங்க மாமா.

— அனுப்பிட்டியா?

— பின்ன? இன்னிக்குத்தானே கடைசி. எனக்கு எழுதற மும்முரத்துல உன்னோடத மறந்துடுவியோன்னு நானே அமுக்கிட்டேன். மாமா, டீ கொட்டுது பாருங்க. என்னக்கா, ஏன் உக்காந்துட்ட? நான் என்ன பெருசா பண்ணிட்டேன், நீ எனக்கு என்ன செஞ்சியோ அதத்தானே உனக்குத் திருப்பி செஞ்சேன்.