தணிகாசலம் எடுக்காத படம்

இங்க உக்காந்திருக்கிற அம்மா அப்பாக்களுக்கு ஒரு சின்னக் கதை சொல்றேன்... கண்ணை மூடிக்கிட்டுக்கூடக் கேக்கலாம்.

ஆரணி கடைவீதியில தணிகாசலம்னு ஒருத்தர். போட்டோ ஸ்டூடியோ வெச்சிருந்தார். யார் வந்து உக்காந்தாலும், "தாடையை இறக்குங்க... கழுத்தைத் திருப்புங்க... ஆங், அப்படியே!" அவர் கை பட்டா எந்த முகமும் லட்சணமாயிடும்.

ஒரே பொண்ணு, பூவிழி. எட்டாவது படிக்கிறா. பிறந்தநாள் வந்தா ஒரு படம் எடுப்பார். "இடது தோளைக் கொஞ்சம் ஏத்து கண்ணு." ஏத்துவா. க்ளிக்! வருஷா வருஷம் அதே பேச்சு. ஏன் எப்பவும் இடது தோள்?... அவர் யோசிக்கல. படம் நேரா வந்துச்சே, போதாதா?

ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் வந்தாங்க. பிள்ளைங்களைக் குனியச் சொல்லிப் பார்த்தாங்க. பூவிழி முதுகுல ஒரு பக்கம் மேடா இருந்தது. "முதுகெலும்பு வளையுதோன்னு சந்தேகம். எக்ஸ்ரே எடுத்துடுங்க. வளர்ற வயசு... விட்டா இன்னும் வளையலாம்."

அப்பாவும் மகளும் எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. மங்கலான அறை... குளிர்ச்சி... எங்கேயோ ஒரு மெஷின் தேனீ மாதிரி முணுமுணுக்குது. பூவிழி ஜில்லுனு இருந்த பலகையில நெஞ்சைச் சாய்ச்சு நின்னா. குளத்துக்கு அடியில நிக்கிற மாதிரி இருந்துச்சாம் அவளுக்கு.

வாசல்ல நின்ன அப்பாவுக்கு வாய் சும்மா இருக்குமா?

"இடது தோள், கண்ணு..."

ஏத்திட்டா!

படம் எடுக்கிற அக்கா திரும்பினாங்க. "அண்ணே, இது என்ன கல்யாண ஆல்பமா? நீங்க நிமிர்த்தி விட்டுட்டா டாக்டர் எதைப் பார்த்து வைத்தியம் பண்ணுவாரு? வெளிய நில்லுங்க!" கதவைச் சாத்திட்டாங்க. "பாப்பா... யாரும் பார்க்காதப்ப எப்படி நிப்பியோ, அப்படி நில்லு."

பூவிழி மூச்சை விட்டா... தோள் மெதுவா... மெதுவா இறங்குச்சு.

அப்புறம் டாக்டர் அறையில, திரையில படம் வந்துச்சு. இருட்டுக்குள்ள வெள்ளையா, மலைமேல இருந்து நிலா வெளிச்சத்துல பார்க்கிற ஆறு மாதிரி... நடுவுல வளைஞ்சு போகுது. தணிகாசலம் பார்த்துக்கிட்டே நின்னார்.

"வலிக்குமா கண்ணு?"

"சும்மா நின்னா வலிக்காதுப்பா. உங்க படத்துக்கு நிக்கிறப்பதான் வலிக்கும்."

டாக்டர் சொன்னார்: "நல்லவேளை, இப்பவே வந்தீங்க. முதுகுக்குப் பெல்ட் போட்டு, இதுக்கு மேல வளையாம நிறுத்தப் பார்க்கலாம்."

சொல்லுங்க... அந்த மனுஷன் பாசமில்லாதவரா? பாசம்தாங்க! ஆனா அந்தப் பாசம் பார்க்கிறதுக்கு முன்னாடியே சரிபண்ணிடுச்சு. நாம மட்டும் என்ன? "அழாதே... சிரி... அத்தைக்கு வணக்கம் சொல்லு..." பிள்ளை நேரா நிக்குது, நமக்கு நிம்மதி. இன்னைக்கு வீட்டுக்குப் போய், ஒண்ணுமே சொல்லாம, கொஞ்ச நேரம் உங்க பிள்ளையைப் பாருங்க... எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சாத்தானே, அந்தப் பக்கம் போய்த் தாங்க முடியும்?