கலகலன்ன பஞ்சாமிர்த டப்பா

மாத்திரை போயி போலீஸ்காரர் வீட்டு சாமி மாடத்துல உக்காந்துகிச்சு. அவ்ளோதான் நடந்த தப்பு. போன வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு மூணு நாள் முன்னாடி.

இன்னா மாத்திரையா? இரு, சொல்றேன். கொரோனா ஊசிக்கு உன் டோக்கன் எத்தினி? எண்பத்தொண்ணா? இப்பத்தான் முப்பத்தாறு கூப்புடறாங்க. எங்க போவப்போற? மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்து.

எங்க தெருவுல கல்பனான்னு ஒரு பொண்ணு. எச்ஐவி இருக்கிற சின்ன வயசுப் பசங்களுக்கு மாத்திரை வாங்கித் தர்றது, தைரியம் சொல்றது, அதான் வேலை அதுக்கு. ஊரடங்குல பஸ்ஸும் இல்ல, ரயிலும் இல்ல. பதினோரு பசங்க, ஊருக்கு ஒண்ணா கெடக்குதுங்க. ஒரு நாள்கூட மாத்திரை விடக்கூடாதாம். "உங்ககிட்ட வண்டி இருக்குதே, துளசிங்கம் மாமா"ன்னு வந்து நின்னுச்சு. கோயிலே மூடிக் கெடக்குது, பிரசாதக் கடையில எனக்கு இன்னா வேலை? சரின்னுட்டேன்.

இன்னா, நாற்காலியை நவுத்துற? பேசினா ஒட்டிக்காது எச்ஐவி. உக்காரு.

பத்துப் பேருக்குக் குடுத்தாச்சு. பதினோராவது, ஆந்திராவுல நகரிப் பக்கம் ஒரு பொண்ணு. பத்தொம்பது வயசு, தறியில வேலை. கையில ரெண்டே நாளைக்குத்தான் மாத்திரை. நடுவுல எல்லைச் சாவடி. கல்பனா ஆஸ்பத்திரி கடுதாசி ஒண்ணு குடுத்துச்சு, "காட்டுங்க, விட்டுடுவாங்க"ன்னு. பிரிச்சுப் பார்த்தா எச்ஐவின்னு கொட்டை எழுத்துல இருக்குது! போலீஸ்காரன் கண்ணுல பட்டா சாயந்திரத்துக்குள்ள ஊரு பூரா தெரியாது? மடிச்சு பனியனுக்குள்ள சொருகிட்டேன்.

அடிவாரத்துப் பிரசாதக் கடையில முப்பது வருஷம் டப்பா அடைச்ச கை இது. மாத்திரை பாட்டிலைப் பஞ்சாமிர்த டப்பாவுல போட்டு, மூடி, முருகன் படம் ஒட்டி, நூல் சுத்தி... நானே கும்புட்டேன். அப்படி இருந்துச்சு.

சாவடியில தேசப்பன்னு ஒரு ஏட்டு. "இன்னா பெருசு அது?"

"தணிகை முருகன் பிரசாதம்"னேன்.

மனுசன் தொப்பியைக் கழட்டிட்டாரு. கண்ணு கலங்கிப்போச்சு. "நாலு மாசமா தரிசனம் இல்ல. வருஷா வருஷம் காவடி எடுக்கிற குடும்பம் நாங்க. எங்கம்மா சோறு எறங்காம கெடக்குது. முருகனே அனுப்பிட்டான்!" ரெண்டு கையாலயும் வாங்கிகினாரு. எப்படிப் புடுங்கறது? கிருத்திகை அன்னிக்குப் பூஜை பண்ணித்தான் பிரிப்பாராம். அதுக்கு மூணு நாள். பொண்ணுகிட்ட ரெண்டு நாள். கணக்குப் போட்டுக்கோ.

மறுநாள் அவரு வீட்டுக்குப் போறேன், வாசல்ல கியூ! ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டு சனம் நிக்குது. இன்னான்னா, அவங்க அம்மா கௌரியம்மா டப்பாவைத் தூக்கி மாடத்துல வெக்கும்போது உள்ள கலகலன்னு சத்தம் வந்துச்சாம். "முருகன் சலங்கை"ன்னுட்டாங்க. ஆளுக்கு ஒரு தரம் காதுகிட்ட ஆட்டிக் காட்டறாங்க. சானிட்டைசர் போட்டுகினுதான்! நானும் வட்டத்துல நின்னேன். ஆட்டினாங்க. "கேக்குதா?"ன்னாங்க. "ஆங், கேக்குது தாயி"ன்னேன். வேற இன்னாத்தச் சொல்றது? துண்ணூறு பூசி அனுப்பிட்டாங்க.

அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டேன். "கண்ணு, உன் மாத்திரை தெய்வமாயிடுச்சு"ன்னு நடந்ததைப் பூரா சொன்னேன்.

அழும்னு பார்த்தா, சிரிக்குது! அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "கையில ஒரே ஒரு மாத்திரை இருக்குது தாத்தா. கல்பனா அக்கா குடுத்த கடுதாசி எங்க?"ன்னுச்சு.

"பனியனுக்குள்ள."

"எனக்கே இல்லாத வெக்கம் உங்களுக்கு இன்னாத்துக்கு?" டக்குனு போனை வெச்சுடுச்சு.

நான் சாவடிக்குத் திரும்பின கொஞ்ச நேரத்துல சைக்கிளை மிதிச்சுகினு வந்துச்சு. தடுப்புக்கு அந்தாண்ட நின்னுகினு சிகிச்சை நோட்டை நீட்டுது. "அண்ணா, எனக்கு எச்ஐவி. பொறந்ததுலேர்ந்து. உங்க வீட்டு டப்பாவுல இருக்கிறது என் மாத்திரை." சத்தமா! லாரிக்காரங்க பூரா பார்க்கிறாங்க. எனக்குத்தான் வேர்த்துச்சு.

ஏட்டு வண்டியை எடுத்துகினு பறந்தாரு. திரும்பி வரும்போது பின்னாடி கௌரியம்மா, டப்பாவை மடியில வெச்சுகினு. குடுக்கறதுக்கு முன்னாடி காதுகிட்ட ஒரு தரம் ஆட்டிப் பார்த்துகினாங்க. "வேளைக்குப் போடு கண்ணு"ன்னாங்க. என்னை மட்டும் ஒரு மொறை மொறைச்சாங்க.

"மருந்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கொண்டு போயி குடுத்திருப்பேனே, பெருசு"ங்கறாரு ஏட்டு. இன்னா பண்றது? வாயைக் கட்டினவன் நான்தானே.

ஆங்? யாரு, அந்தப் பொண்ணு பேரா? ஒரு வருஷமா பல்லைக் கடிச்சுகினு சொல்லாமத்தான் இருந்தேன். போன வாரம் அதுவே திட்டுச்சு. "கதையில உங்க பேரு வருது, ஏட்டு பேரு வருது. என் பேரு மட்டும் இன்னும் டப்பாவுக்குள்ளயா? சொல்லுங்க தாத்தா"ன்னுச்சு.

அதனால சொல்றேன், கேட்டுக்கோ. மோனிகா.