என் குரலுக்குப் பின்னால் ஒரு குரல்

தலைமை தாங்குவதோடு, சற்று நேரத்தில் என் பேச்சையும் தாங்கியாக வேண்டிய தலைவர் அவர்களே! சான்றோர்களே! ஆசிரியப் பெருமக்களே! பாடப் புத்தகத்தைப் பிரிக்கும்போதே கண்கலங்கும் தாய்மார்களே! அந்த நேரம் பார்த்துக் கடைக்குக் கிளம்பிவிடும் என் இனத் தகப்பன்மார்களே! எழுத்தோடு தினமும் மல்லுக்கட்டும் செல்லங்களே!

வழக்கமாக நன்றி சொல்லித்தான் இறங்குவேன். இன்று அந்த நன்றி என்னிடம் இல்லை. அதோ, முன்வரிசையில் ஒரு துண்டுச் சீட்டை மடித்து மடித்துப் பிரிக்கிறாளே என் மூத்த மகள், அவளிடம் இருக்கிறது. "நன்றிய நான் படிக்கிறேம்ப்பா" என்று காலையில் அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இந்தப் பெற்றோர் கூட்டத்து அழைப்பிதழில் 'வீட்டிலேயே வாசிக்க வைத்து வென்ற தந்தை' என்று போட்டிருக்கிறார்கள். 'வென்ற' என்று அச்சடித்த அன்பரைத்தான் வந்ததிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன்!

என் பிழைப்பு, பேருந்து நிலையத்தில் அறிவிப்பு. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று... பின்வரிசையில் யாரோ "சத்தமா!" என்கிறார். ஐயா, அந்தச் சத்தம்தான் ஐயா என் சங்கடமே!

என் மகளுக்குக் கணக்கு வரும், கதை வரும், என்னைப் போலவே பேசிக்காட்டி என் மானத்தை வாங்கவும் வரும். எழுத்து மட்டும் வராது. சோம்பல் என்றாள் அவள் அத்தை. கண்ணாடி போட்டால் சரியாகும் என்றார் மாமா. பள்ளிக்கு வரும் சிறப்புப் பயிற்சி டீச்சர்தான் சோதித்துவிட்டுச் சொன்னார்: "இது கற்றல் குறைபாடுங்க. புத்தியில குறை இல்ல. தினமும் பக்கத்துல உட்கார்ந்து, சேர்ந்து வாசிங்க. அவ குரல் எழும்ப எழும்ப, உங்க குரலைக் குறைச்சிக்கிட்டே வாங்க."

குறைப்பதா? நானா? கூட்டத்தையும் ஹாரனையும் கிழித்துக்கொண்டு கூவியே குடும்பம் நடத்துகிறவன் நான்! வரியின் கீழ் விரலை வைத்து முழங்கினேன். அவளும் கூடவே முழங்கினாள். "ஏங்க, பொண்ணுக்குப் படிப்பு சொல்லித் தர்றீங்களா, பஸ்ஸைக் கிளப்புறீங்களா?" என்றாள் மனைவி. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு அப்பாலிருந்தே பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டார்! சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தேன். மகள் சரளமாகப் படிக்கிறாள் என்று உறவுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன்.

ஒரு மாலை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. புத்தகத்தைப் பிரித்து வாயைத் திறந்தேன்; வெறுங்காற்று வந்தது. விரல் மட்டும் நகர்ந்தது. அவள் குரலும் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவள் பார்வை பக்கத்தில் இல்லை. என் உதட்டில் இருந்தது.

"சொல்லுங்கப்பா" என்றாள். "நீங்க சொன்னாத்தானே எனக்கு வரும்?"

பெரியோர்களே! அத்தனை மாலைகளும் அவள் வாசிக்கவில்லை. என் குரலின் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள்! மூச்சிரைக்க ஓடியவளை முந்திக்கொண்டு முழங்கியது யார்? தடுமாறும் முன்பே தாங்குகிறேன் பேர்வழி என்று, தட்டிப் பறித்தது யார்?

இந்த ஆண்டும் தேறாவிட்டால் அவளுக்கு அதே வகுப்பு. ஒரு வகுப்பு பின்னால் வரும் தங்கை, அக்காவின் பெஞ்சிலேயே வந்து உட்காருவாள். "அவ வந்தா நான் ஸ்கூலுக்கே போமாட்டேன்" என்கிறாள் மூத்தவள். "நான் வேணும்னா ஃபெயில் ஆயிடறேங்க்கா" என்கிறது சின்னது. இரண்டையும் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கிறாள் பெற்றவள்.

இப்போது வாயை மூடிக்கொண்டு உட்காருகிறேன். ஒரு வரியை அவள் முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. அடுத்த வரியில் அதே சொல் வந்தால், அவளுக்கு அது புதுச் சொல். "பரீட்சைக்குள்ள வந்துடுமா டீச்சர்?" என்று கேட்டேன். அவர் தண்ணீர்த் தம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

வழி கேட்டு வந்திருக்கிறீர்கள், வெறுங்கையோடு நிற்கிறேன். சோற்றை ஊட்டலாம், சொல்லை ஊட்ட முடியுமா? தோளில் தூக்கலாம், வரியைத் தூக்கிக் கடத்த முடியுமா? பக்கத்தில் இருங்கள், பறிக்காதீர்கள்! காத்திருங்கள், கத்தாதீர்கள்! காத்திருந்தால் வந்துவிடுமா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. காத்திராவிட்டால் வராது என்பது மட்டும் தெரியும்.

வா கண்ணு. மேடைக்கு வா. இவர்கள் யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள்.

...தலையாட்டுகிறாள். வர மாட்டாளாம். "நீங்களே சொல்லிடுங்கப்பா" என்கிறது அந்த உதடு.

இல்லை கண்ணு, அந்த வரி உன்னுடையது. இன்று வராவிட்டால் இருக்கட்டும். அப்பா எடுக்க மாட்டேன். சபையோரே, உங்களுக்குச் சேர வேண்டிய நன்றி அந்தச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. என்னிடம் மிச்சமிருப்பது வணக்கம் மட்டும். அதையும் மைக்கை விட்டு விலகி நின்றே சொல்கிறேன்.

வணக்கம்.