ஆண்டு இல்லாத மேற்கோள்

— நிக்கல டீச்சர், அச்சுக்கோக்கற புரோகிராம்ல உங்க புத்தகம் முழுசா ஓடி முடிஞ்சிருச்சு. எரர்னா அங்கேயே நின்னுரும். இது வெறும் வார்னிங்.

— அப்புறம் எதுக்கு ஷீபா ரெண்டாவது தடவ கூப்பிடற? நிக்கலன்னா அச்சுக்கு அனுப்பு மோளே.

— முன்னாடின்னா அனுப்பியிருப்போம். வார்னிங் வந்தா ஸ்கிரிப்ட் அது பாட்டுக்குத் தாண்டிப் போயிரும். அப்படிப் போய் ஒரு புத்தகத்துல மேற்கோள் இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறியா அச்சாயிருச்சு. இப்ப ஒவ்வொண்ணையும் ஒரு ஆள் பாத்துப் பதில் சொல்லணும். உங்க புத்தகத்துக்கு நான்.

— திருவனந்தபுரத்துல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு கோழிக்கோட்டுக் கிழவிய விரட்டற வேல. சரி, என்னங்குது உன் லாடெக் புரோகிராம்?

— ரெஃபரன்ஸ் லிஸ்ட்ல ஒரு கட்டுரைக்கு மட்டும் வருஷம் இல்லேங்குது. ஜோபி மத்தாயி. 'எழுதப்பட்டு வருகிறது'ன்னு போட்டிருக்கீங்க.

— எழுதிட்டிருக்கான், போட்டேன். முடிக்காததுக்கு ஏது வருஷம்?

— அந்த வரிய எடுத்துரலாமா டீச்சர்?

— நல்லாருக்கே. என் அஞ்சாம் அத்தியாயமே அந்தப் பய யோசன. என்கிட்டப் படிச்சதுல அவன் ஒருத்தனுக்குத்தான் கணக்கு தானா நடந்து வரும். ஆனா மகா சோம்பேறி. எமன் வந்து நின்னாலும் 'அடுத்த வாரம் வாங்க'ம்பான்.

— இல்ல, 'நேரில் தெரிவித்தது'ன்னு மாத்திக்கலாம். பேர் அப்படியே இருக்கும். வருஷமும் கேக்காது.

— அது இனிமே எழுதவே மாட்டாங்கன்னு ஆனவங்களுக்குப் போடறது.

— அதான் டீச்சர்…

— ஷீபா, இருக்கியா? லைன் போயிருச்சா?

— இருக்கேன் டீச்சர்.

— கேளு. காஞ்சிரப்பள்ளில அப்பனோட ரப்பர் தோட்டத்தப் பாக்கணும்னு ஆராய்ச்சிய பாதியில விட்டுட்டுப் போனான். அதுலருந்து மெயில்லதான் பேச்சு. என் கேள்விக்கெல்லாம் பதில் வரும், அவன் கட்டுரை மட்டும் வராது. போன மாசம் ஆத்திரம் தாங்காம, 'நீ எழுதலன்னா உன் பேர வெட்டிருவேன்டா'ன்னு எழுதிட்டேன். மூச்சு விடல. ரோஷம் பாரு. பேர் அச்சுல வந்தா வெக்கப்பட்டாவது எழுதுவான்னுதான் விட்டு வெச்சிருக்கேன். நீதான் அவன்கிட்டக் கேளேன், புத்தகத்தோடயே அவன் நம்பரும் தந்தேனே.

— கேட்டேன் டீச்சர். உங்களக் கூப்பிடறதுக்கு முன்னாடி.

— எடுத்தானா? என் போன எடுக்க மாட்டான். என்ன சொன்னான், அடுத்த வாரமா?

— அவங்க அம்மா எடுத்தாங்க, அம்மச்சின்னு கூப்பிடுவாராம். டீச்சர், வீட்ல கூட யாராவது இருக்காங்களா?

— எனக்கு யாரு இருக்கா. சொல்லு.

— ஜோபி தவறிட்டார். ரெண்டு மாசம் ஆச்சாம். நீங்க கடைசியா எழுதினத அம்மச்சிதான் படிச்சிருக்காங்க.

— அய்யோ. அவன் பேர வெட்டுவேன்னு… அத அந்தம்மாவா படிச்சாங்க? என்ன ஆச்சு அவனுக்கு, தோட்டத்துல ஏதாவது…

— தோட்டமே கிடையாதாம் டீச்சர். ரத்தப் புத்துநோய். ஆராய்ச்சிய விட்டதே அதுக்குத்தான். உங்களுக்கு வந்த பதில் எல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டில்ல அவர் சொல்லச் சொல்ல அம்மச்சி ஒரு விரலால அடிச்சது. 'டீச்சர்கிட்டச் சொன்னா புத்தகத்த அப்படியே போட்டுட்டு என்னப் பாக்க வந்து உக்காந்துருவாங்க, முடிக்கட்டும்'னு அம்மச்சிகிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்.